ஒன்பதாம் நாள் எடுத்த சங்கு

டக்!

குசினிக்குள் ஏதோ விழுந்த சத்தத்தில், விறாந்தைக் கதிரையில் கண்ணயர்ந்திருந்த பிரேமிளா திடுக்கிட்டு எழுந்தாள். பின்னேரம் மூன்று மணி. வீட்டில் அவளும், அறைக்குள் பாயில் தூங்கும் ஐம்பது நாள் குழந்தை லக்சிகாவும் மட்டும்தான்.

பால் பருக்கும் சின்னச் சங்கு, அடுப்படித் தட்டிலிருந்து காற்றில் உருண்டு விழுந்து, சீமெந்துத் தரையில் கிடந்தது. எடுத்தாள். காலையில் இருந்த பாரம் இல்லை.

அப்போதுதான் நாற்றம் மூக்கில் ஏறியது. பழகிய நாற்றம். கணவன் செந்தூரன் முல்லைத்தீவுக் கடலில் குளித்தெடுக்கும் சங்குகளை வளவின் பின்புறம் மணலில் புதைப்பான். பன்னிரண்டு நாளில் சதை அழுகி, புழுத்து, நீராய் வடிந்து, ஓடு மட்டும் மிஞ்சும். அவள் மூக்கைப் பொத்தினால், "சென்ட் பூசிக்கொண்டே சங்கு குளிக்கிறது?" என்று சிரிப்பான். ஆனால் நாள் முடியுமுன் குழியில் கைவைக்க விடமாட்டான். "லேசில சாகாத சாமானடி. செத்தமாதிரிக் கிடக்கும்."

பிள்ளை கரண்டியில் குடிக்கவில்லை என்று, அவனுக்குச் சொல்லாமல் நேற்று, ஒன்பதாம் நாளே, ஒன்றைத் தோண்டி எடுத்திருந்தாள். சங்கின் வாயை அடைத்திருக்கும் நகம் போன்ற பழுப்பு மூடியைக் காணவில்லை. சதை போய்விட்டது என்று நம்பினாள். சுடுநீரில் கழுவி, இரண்டு தரம் பாலும் கொடுத்துவிட்டாள்.

இப்போது அந்த நாற்றம், கொழுப்பும் இனிப்புமாக, அவள் நாக்கிலேயே ஒட்டியது. தட்டிலிருந்து சுவர் வழியே விரலகலத்தில் ஒரு கோடு இறங்கி, தரை வழியே அறைப் பக்கம் போயிருந்தது. காய்ந்த கஞ்சிபோல் பொருக்கு வெடித்திருந்தது. அறை வாசலில் அது பிசுபிசுத்தது. உள்ளே ஈரம். பாதத்தில் ஒட்டி நூலாக இழுபட்டது.

பாயில் ஈரம்.

தலையணையில்.

கன்னத்தில்.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. லக்சிகா கண்ணை மூடியபடி எதையோ சப்பிக்கொண்டிருந்தாள். சுகமாக. உதட்டோரம் மஞ்சள் கோழை வடிந்தது.

பிள்ளை கொட்டாவி விட்டாள்.

நாக்கின் மேல் இன்னொரு நாக்கு. தடித்தது. சாம்பல் நிறம். அது மெல்லப் புரண்டது. பிரேமிளா விரலை விட்டாள். வழுக்கியது. சுருங்கியது. தொண்டைக்கு நேரே ஒரு பழுப்பு மூடி பாதி சாத்திக்கொண்டது.

பின்னால் செந்தூரனின் கையிலிருந்த பை தொப்பென்று விழுந்தது.

"தொடாதை, பிரேமிளா... தொட்டால் இன்னும் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும்."