தெறிக்காத சுண்ணாம்பு

1957 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணி.

காஜா பேராங் முருகன் கோயிலின் சாமான் அறையைத் திறந்த சாமிநாதச் செட்டியார் படியிலேயே நின்றுவிட்டார். ஆள் உயர வெள்ளி வேல் சாய்ந்திருக்கும் மூலை காலியாக இருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரையில் வாசல் முதல் அந்த மூலை வரை வெள்ளைத் துளிகள் காய்ந்து கிடந்தன.

சாமிநாதன் கொடுத்த புகாரின் பேரில் இன்ஸ்பெக்டர் இராஜரத்தினம் வந்தபோது, வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மருதமுத்துவின் தோளைக் கான்ஸ்டபிள் ஏற்கெனவே பிடித்திருந்தான்.

விடிந்தால் மலாயாவுக்குச் சுதந்திரம். அதைக் கொண்டாடும் ஊர்வலத்தில் வேல் போக வேண்டும். கோயில் ஊர்வலங்களில் வேலை இருபது வருடமாகத் தூக்கியவர் சாமிநாதன். இந்த வருடம் அவருடைய மச்சினரான அறங்காவலர் அண்ணாமலைச் செட்டியார் அதை மருதமுத்துவிடம் கொடுப்பதாகச் சபையில் அறிவித்திருந்தார். எஸ்டேட் சனத்தில் ஒருவன் அந்தக் கோயிலின் வேலைத் தொடுவது அதுவே முதல் தடவை. புக்கிட் பாருவிலிருந்து குடும்பம் குடும்பமாக வரப் போகிறார்கள்.

"உள்ளே போனாயா?"

"போகல டுவான்," என்றான் மருதமுத்து. மலாய்க்காரர்கள் 'ஐயா' என்று கூப்பிடும் சொல் அது.

"துளி உள்ளே கிடக்கிறதே."

"என்னுது இல்ல."

"எப்படித் தெரியும்?"

"நான் போகல. அதான் தெரியும்."

அண்ணாமலை தணிந்த குரலில் சொன்னார். "எங்க வெச்சன்னு சொல்லிடுப்பா. மன்னிச்சு விட்டுர்றேன்."

"மன்னிப்பு எடுத்தவனுக்குக் குடுங்க ஐயா. எனக்கு எதுக்கு?"

கழுத்து வளையாமல் பேசுகிறான் என்று இராஜரத்தினம் நினைத்தார். லாக்கப்பில் சுதந்திரம் விடியப் போகிறவன் பேசும் பேச்சாக அது இல்லை. அவருக்குப் பிடித்திருந்தது.

"சாவி யாரிடம்?"

"எங்கிட்டதான்," என்றார் சாமிநாதன். "நேத்து சாயங்காலம் குளிக்கப் போறப்ப ஆணியில மாட்டிட்டுப் போனேன். இவன் மட்டும்தான் ஏணியில நின்னான்."

வாசலில் பூவும் வெற்றிலையும் விற்கும் அஞ்சலையிடம் இராஜரத்தினம் போனார். நேற்று மத்தியானம் முதல் நடை சாத்தும் வரை அவள் அங்கேயே இருந்திருக்கிறாள். கோயிலுக்கு வேறு வழி கிடையாது; சாத்திய நடை இன்று காலைதான் திறந்தது.

"யாராவது வேலோடு வெளியே போனார்களா?"

"ஆள் உசரத்துக்கு வெள்ளி மின்னுது, எனக்கு மட்டும் கண்ணு அவிஞ்சா போச்சு? மருதமுத்து வாளியும் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையுமாத்தான் போனான்."

பின்னாலேயே சாமிநாதன் வந்து வெற்றிலை டப்பாவை நீட்டினார். "கொஞ்சம் சுண்ணாம்பு வை."

"நேத்துத்தானே டப்பா நிறைய வழிச்சு வெச்சேன் செட்டியாரே? ஒரே ராத்திரியில தின்னீங்களா? வாய் வெந்திருக்குமே."

சாமிநாதன் டப்பாவை மடியில் செருகினார். இராஜரத்தினம் அறைக்குத் திரும்பினார்.

சிங்கப்பூரில் கல்லூரி நாட்களில் கண்ணாடித் தகட்டில் துளிகளை விழவைத்துப் பார்த்தவர் அவர். குந்தி உட்கார்ந்து லென்ஸை வைத்தார். வழுவழுப்பான வட்டங்கள். விளிம்பு நறுக்கியதுபோல் இருந்தது. வெளியே ஏணியடியில் விழுந்த துளிகளோ முள் முளைத்த சூரியன்களாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பொடிப்பொடியாகத் துகள் சிதறியிருந்தது.

"உயரம்தான் வித்தியாசம் சார்," என்றான் கான்ஸ்டபிள். "உள்ளே குனிஞ்சு போயிருப்பான்."

முதலில் இராஜரத்தினத்துக்கும் அப்படித்தான் தோன்றியது. மருதமுத்துவின் வாளியைக் கொண்டுவரச் சொன்னார். அறைக்குள்ளேயே, நெஞ்சு உயரத்தில் மட்டையைப் பிடித்து ஒரு துளி விட்டார். பிறகு இடுப்பு உயரம். பிறகு முழங்கால். உயரம் குறையக் குறைய முள் மழுங்கியது, சிதறல் சுருங்கியது. ஆனால் துகள் மறையவில்லை. துளிக்கு உள்ளேயே பருக்களாகத் தங்கிவிட்டது. விரல் வைத்தால் நெருடியது.

பழைய துளியைத் தொட்டார். நெருடவில்லை.

அவர் எழுந்து நின்றார். முகத்தில் மெல்லிய பெருமிதம் வந்து போனது.

"இந்தச் சுண்ணாம்பு எங்கே வாங்கியது?"

"உஜோங் பாசிர்ல, டுவான். சிப்பி சுட்டது."

"சிப்பி முழுக்க வேகாது. நொறுங்கல் இருக்கும். துளி தரையில் மோதும்போது தண்ணீர் ஓடிப் பரவிக் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அதிலிருக்கும் துகள் நிற்காது, விளிம்பைத் தாண்டிப் பாயும். மெதுவாக விழுந்தால் உள்ளேயே உட்காரும். எப்படி விழுந்தாலும் துகள் இருக்கும். இங்கே கிடப்பதில் ஒன்றுகூட இல்லை. இது துணியில் வடிகட்டிய சுண்ணாம்பு. வெற்றிலையோடு நாக்கில் வைப்பது; தண்ணீரில் கரைத்துச் சொட்ட விட்டிருக்கிறார்கள்."

இராஜரத்தினம் சாமிநாதன் பக்கம் திரும்பினார்.

"சாமிநாதச் செட்டியாரே, நேற்று நிறைந்த டப்பா இன்று காலை எப்படிக் காலியாயிற்று?"

சாமிநாதனின் கை மடியைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது.

"வேல் வாசலைத் தாண்டவில்லை, அஞ்சலை சாட்சி. துளியைக் காட்டி எல்லார் கண்ணையும் தரையில் வைத்துவிட்டீர்கள். முருகன் வேலைக் கண்ட இடத்தில் கிடத்த உங்களுக்கு மனம் வந்திருக்காது, கால் படாத உயரத்தில்தான் வைத்திருப்பீர்கள். கான்ஸ்டபிள், உத்திரத்தின் மேலே பார்."

பட்டு வேட்டியில் சுற்றிய வேல் இறங்கி வந்தது.

"இருபது வருசம் தூக்கினேன்," என்றார் சாமிநாதன். "பொண்ணு கல்யாணத்தன்னிக்குக்கூட விடல. ஊரே பாக்க நான் கூட்டத்துல நடக்கணுமா?"

"நான் லாக்கப்புல நடக்கலாமா?" என்றான் மருதமுத்து.

இராஜரத்தினம் அவனிடம் திரும்பினார். "இவர் கொடுத்தது பொய்ப் புகார். இவர் மேல் வழக்குப் போடுகிறேன்."

அண்ணாமலை தலை குனிந்திருந்தார். மச்சினன் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மருதமுத்து யோசித்தான். "கேஸ் வேணாம் டுவான். நாளைக்கு எங்க சனமெல்லாம் வரும். எல்லாரும் பாக்க, அவர் கையால எடுத்து என் கையில குடுக்கணும். யாரு களவாடினான்னு அவர் வாயால சொல்லணும். முடியாதுன்னா கேஸு போடுங்க."

மறுநாள் காலை கோயில் வாசல் முதல் சாலை வளைவு வரை தலைகள். சாமிநாதன் வேலோடு வந்தார். "மறைச்சது நான்," என்றார். சத்தம் பின் வரிசைக்கு எட்டவில்லை. மருதமுத்து கை நீட்டாமல் நின்றான். செட்டியார் தொண்டையைச் செருமி மறுபடி சொன்னார். இந்தத் தடவை சாலை வளைவு வரை கேட்டது.

அப்புறம்தான் மருதமுத்து வேலை வாங்கினான். குனிந்து வாங்கவில்லை. நிமிர்ந்தபடி வாங்கி, தலைக்கு மேல் உயர்த்தினான்.

இராஜரத்தினத்தின் கை தானாகத் தொப்பி விளிம்புக்குப் போயிற்று. கோயில் ஊர்வலத்துக்குப் போலீஸ் சல்யூட் அடிக்கும் வழக்கம் அதுவரை அந்தச் சாலையில் இருந்ததில்லை.