அரிசி வாளிக்குள் இருந்த தாலிக்கொடி

1996 மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கஜந்தினி தன் கணவன் மதுஷனுடன் வில்லரேப் பகுதியிலிருந்த சிவநேசத்தின் வீட்டுக் கதவைத் தட்டியபோது வெளியே குளிர் சைபருக்குக் கீழே இருபத்திரண்டு. சிவநேசம் ஊரில் பதினொரு வருடம் பொலிஸ் சார்ஜனாக இருந்தவர். புலம்பெயர்ந்து வந்த இந்தப் பனி நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதி மாத்திரைத் தொழிற்சாலை ஒன்றில் பெட்டி அடுக்குகிறார். களவு, சந்தேகம் என்று வந்தால் பொலிசுக்குப் போகக் கூச்சப்படுகிற தமிழ்ச் சனம் இவரிடம் வரும். அவருடைய சினேகிதன் யோசெப், டாக்ஸி ஓட்டுபவன், யாரும் கூப்பிடாமலே குசினிக் கதிரையை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கஜந்தினி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீங்கிய காலைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"என்ர தாலிக்கொடியைக் காணேல்லை அண்ணை. பதினொரு பவுன். கசினோவில சீட்டாட்ட மேசையில சீட்டுப் போடுற வேலை எனக்கு. கொடியோட இரவு வேலைக்குப் போகப் பயத்தில, அரிசி வாளிக்குள்ள புதைச்சு வைக்கிறனான். வெள்ளிக்கிழமை கையை விட்டால் வெறும் அரிசி. மேலால தடவி மட்டமாக்கி, மூடியும் இறுக்கியிருந்தது."

"வீட்டில ஆர் ஆர்?"

"நாங்கள் ரெண்டு பேர். இவரின்ர தமையன் ஸ்ரீதரன் அத்தான். கீழறையில வாடகைக்குக் கணேசலிங்கம் அண்ணை. நான்தான் கொடியைச் சூதாடித் துலைச்சுப்போட்டு நாடகம் ஆடுறன் எண்டு அத்தான் நிக்கிறார். இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள ஒண்டில் வேலையை விடவேணும், இல்லாட்டி வீட்டை விடவேணுமாம். வேலையை விட்டால் அம்மாவைக் கூப்பிடக் குடுத்த ஸ்பொன்சர் பேப்பர் சரிவராது."

"அந்தக் கணேசலிங்கம்தான்!" யோசெப் மேசையில் குத்தினான். "என்ர டாக்ஸியில ஏறினால் சீற்றெல்லாம் லொத்தர்ச் சீட்டுச் சுரண்டின தூள். எழுதி வையுங்கோ அண்ணை."

"நீ முதல் கையை எடு, தேத்தண்ணி சிந்துது." சிவநேசம் மதுஷன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் அந்தக் கசினோவுக்குப் போறனீரோ?"

"ஏத்தி இறக்கத்தான். உள்ளுக்கு ஒரு நாளும் கால் வைச்சதில்லை. அவளின்ர வேலைக் கதையும் வீட்டில கதைக்கிறேல்லை, எனக்குப் பிடிக்காது. ஆறு மணிக்கு இறக்கிவிட்டால் அவள் வரும்வரைக்கும், ரெண்டு மணி மட்டும், காருக்குள்ள நித்திரை."

"பாவம்," என்றான் யோசெப்.

மதுஷன் கோப்பையைக் காலி செய்துவிட்டு, அதன் பக்கத்தில் இரண்டு விரலால் மெல்லத் தட்டினான். கஜந்தினி ஒன்றும் கேட்காமலே கேத்திலை எடுத்து ஊற்றினாள். முக்கால்வாசி நிரம்பியதும் அவன் உள்ளங்கையைக் கோப்பைக்கு மேலால் குறுக்கே வீசினான். அவள் நிறுத்தினாள்.

"உங்களைச் சும்மா அலைய வைக்கக்கூடாது அண்ணை." அவன் இரண்டு இருபது டொலர்த் தாள்களை எடுத்தான். வேண்டாம் என்று மறிக்கச் சிவநேசம் கையை நீட்டினார். அந்தக் கையைக் கவனிக்காமல், தாள்களை மேசையில் பக்கம் பக்கமாக விரித்து வைத்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் பின்னுக்கு எடுத்தான் மதுஷன்.

சிவநேசம் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரை எடுக்கட்டோ அண்ணை? வீட்டைப் போய்ப் பாப்பம்," என்றான் யோசெப்.

"தேவையில்லை. பிள்ளை, கணேசலிங்கம் உங்கட குசினிக்கு வாறவரோ?"

"இல்லை. கீழயே அவருக்குத் தனி அடுப்பு."

"தமையன்?"

"சோறு கோப்பையில வந்தால்தான் அவருக்குச் சோறு. அரிசி வாளி எந்த மூலையெண்டே தெரியாது."

"அரிசியைத் தடவி மட்டமாக்கினவன் அவசரப்படாதவன். அந்தக் குசினியில நிண்டால் ஆரும் ஏனெண்டு கேட்காத ஆள். யோசெப், மாசி மாசம் எட்டு மணித்தியாலம் காருக்குள்ள நித்திரை கொண்டால் என்ன நடக்கும்?"

"ஹீற்றரைப் போட்டால் பெற்றோல் முடியும். போடாட்டி ஆள் முடியும்." சொல்லி முடித்தபிறகுதான் யோசெப்புக்கு உறைத்தது. அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"டாக்ஸிக்காரன் நீ. இதை நீயெல்லோ பிடிச்சிருக்க வேணும்."

மதுஷன் நிமிர்ந்தான். "குளிருக்கு உள்ளுக்குப் போய் ஒரு கோப்பி குடிச்சிருப்பன். அதுக்காகக் கள்ளனெண்டுவியளோ?"

"சொல்லமாட்டன். தேத்தண்ணி போதும், காணுமெண்டு கையைக் காட்டுறதும் எல்லாரும் செய்யிறதுதான். ஆனால் எங்கட சனம் காசைக் கையில குடுக்கும். நான் கையை நீட்டியும் நீர் மேசையில விரிச்சு வைச்சீர். பிள்ளை, உம்மட மேசையில காசு எப்பிடி வாங்கிறனீர்?"

கஜந்தினியின் குரல் இறங்கியிருந்தது. "கையில வாங்க ஏலாது. அவை மேசையில வைப்பினம், நாங்கள் விரிச்சுக் காட்டி எடுக்கவேணும். மேல கமரா இருக்கு."

"இன்னொரு சீட்டு வேணுமெண்டால்?"

"வாயால சொன்னால் கமராவுக்கு விளங்காது. மேசையில தட்டவேணும். ரெண்டு விரலால..." அவள் மேசையிலிருந்த கேத்திலைப் பார்த்தாள். "காணுமெண்டால் கையை வீசவேணும்."

அவள் சிவநேசத்தின் பக்கம் திரும்பினாள்.

"மூண்டு மாசமா வீட்டில தட்டுறார் அண்ணை. நானும் ஊத்திக்கொண்டிருக்கிறன். ஒரு நாளைக்கு நூறு பேர் தட்டுவினம், கை தன்ர பாட்டுக்குப் போகும். வேற எந்தப் பொம்பிளையும் முதல் நாளே கேட்டிருப்பாள், இதென்ன புதுப் பழக்கமெண்டு."

மதுஷன் கோப்பையிலிருந்ததை ஒரே மூச்சில் குடித்து வைத்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி சொன்னான். "சென்ட் லோரன்டில ஒரு அடகுகடையில இருக்கு. வாற வெள்ளி தவணை. முதல் குளிருக்குத்தான் உள்ளுக்குப் போனனான். பேந்து விட்டதைப் பிடிக்கப் போனன். நீ நிக்கிற மாடிக்கு மட்டும் வாறேல்லை. ஒருக்கா வெண்டால், உனக்குத் தெரியாமல் திருப்பி வைச்சிடுவன் எண்டுதான்..."

"என்ர மேசையிலயும் எல்லாரும் அதைத்தான் சொல்லுறவை. பிள்ளையின்ர பால்மாக் காசை வைச்சிட்டு என்ர முகத்தைப் பார்ப்பினம். நான் சிரிச்சுக்கொண்டு சீட்டுப் போடுவன், அது வேலை." அவள் குனிந்து சப்பாத்தை இழுத்தாள். "ஆனால் தமையன் என்னைக் கள்ளி எண்டேக்க, நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்?"

அவள் காலைச் சப்பாத்துக்குள் நுழைத்தாள்.

"இப்ப போய் அத்தானுக்கு நீங்களே சொல்லுங்கோ. நாளைக்குக் கசினோவுக்குப் போய், என்னை உள்ளுக்கு விடாதேங்கோ எண்டு கையெழுத்து வைச்சிட்டு வாங்கோ. அந்தப் பேப்பரைக் கண்ட பிறகுதான் நான் கொடியை மீட்கிறது. எனக்கு ஆறு மணிக்கு வேலை, மெற்றோவில போறன்."

சிவநேசம் இரண்டு தாள்களையும் மடித்து மதுஷனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். வெறுங் கோப்பைக்கு முன்னால் அவன் அப்படியே இருந்தான். இரண்டு விரல்கள் தாமாக மேசைக்குப் போய்ப் பாதியில் நின்றன.

கஜந்தினி சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"தேத்தண்ணி வேணுமெண்டால் வாயைத் திறந்து கேளுங்கோ."