மோதிரம் இருந்த விரல்

மாலை ஐந்து மணிக்கு இருக்கன்குடி கோயிலிலிருந்து திரும்பிய மாரித்தாய், கணவர் ஊர்க்காவலனின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு அவர் கையைப் பிடித்தாள். விரலில் மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

புதுப் பருத்திச் சட்டையில் அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஒரு விபத்தும் இல்லாமல் ஓய்வு பெற்றதற்கு முதலாளி போட்ட மோதிரம் அது. இப்போது அவருக்கு மனைவியின் பெயர்கூட நினைவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள, சாத்தூர் அறக்கட்டளை ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் கற்பகத்தை அனுப்புகிறது. மாரித்தாய்க்கு அந்த ஒரு பகல் ஓய்வு.

இன்றைக்குத்தான் அவள் ஊரைத் தாண்டிப் போனாள். கோயில் மண்டபத்தில் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். விழித்தபோது, தான் யார் என்பதே சற்று நேரம் நினைவில்லாமல் இனித்தது. அந்தத் தூக்கத்துக்கு விலைதான் மோதிரமோ என்று இப்போது தோன்றியது.

பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்த கொழுந்தன் ராஜபாண்டியன் வீடெல்லாம் தேடிவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தான்.

எஸ்.ஐ. சினேகா வாசல் முருங்கையடியில் வண்டியை நிறுத்தினாள். கிளையில் தொங்கிய பழைய பாலியஸ்டர் சட்டையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“வீடு பூராத் தேடியாச்சு மேடம்” என்றான் ராஜபாண்டியன். “மருந்து ரூம்ல முப்பது வருசம் உழைச்சதுக்கு முதலாளி போட்ட மோதிரம். இந்தம்மா கையப் பாருங்க. அண்ணன்ட்ட மல்லுக்கட்டிப் பிடுங்கியிருக்கு.”

கற்பகத்தின் மணிக்கட்டில், கவரிங் வளையலுக்குக் கீழே, புதுக் கீறல்கள்.

“எப்படி வந்துச்சு?” என்றாள் சினேகா.

“அவர்தான் பிறாண்டிட்டாரு. காலையிலருந்து என் கையவே பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தாரு.”

“திட்டுனீங்களா?”

“பச்சப்பிள்ளைய யாராச்சும் திட்டுவாகளா?”

“சட்டைய மாத்துனது யாரு?”

“நாந்தேன். பழையது வேர்த்துக் கசகசன்னு இருந்துச்சு.”

“மோதிரம் தவிர வேற என்ன காணோம்?”

மாரித்தாய் கணவரைத் தடவிப் பார்த்தாள். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இல்லை. “கம்பி போட்ட மூக்குக்கண்ணாடியும் இல்லம்மா. வேட்டியில குத்தியிருந்த ஊக்கையும் காணோம்.”

“அரைஞாணுமா?” ராஜபாண்டியன் குரல் உயர்ந்தது. “கேஸ் எழுதுங்க மேடம்.”

எழுதினால் கற்பகத்தை எந்த வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். மாரித்தாய்க்கும் இனி வெள்ளிக்கிழமை கிடையாது. “எனக்கு மோதிரம் வேண்டாம். கற்பகத்த விட்ருங்க” என்றாள்.

“எடுக்கலன்னு சொல்றேன், விட்ருங்கன்னா என்ன அர்த்தம்க்கா?” என்றாள் கற்பகம்.

சினேகா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்க்காவலன் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணாச்சி, மருந்து ரூமுக்குள்ள வரலாமா?”

அவர் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெல்ட்டக் கழத்துங்க. வாட்ச்சையும்” என்றார்.

“எங்கன வைக்க?”

அவள் கழற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் வெறுங்காலோடு வாசலுக்கு நடந்தார். முருங்கைக் கிளையில் பெல்ட்டைத் தொங்கவிட்டார். பக்கத்தில் தொங்கிய சட்டையின் கைப்பகுதியில் ஒரு முடிச்சு. அதை அவிழ்த்து வாட்ச்சை உள்ளே போட்டார். மோதிரம், அரைஞாண், கண்ணாடி, ஊக்கு எல்லாம் அங்கேதான் கிடந்தன.

“எடுத்தது இவருதான்” என்றாள் சினேகா. “திருடுறவன் பார்வைக் கண்ணாடியையும் ஊக்கையும் எதுக்கு எடுக்கணும்? நாலும் உலோகம், உரசுனா பொறி வரும். பாலியஸ்டரும் உரசுனாப் பொறி தெறிக்கும், மருந்து ரூமுக்குப் பருத்திதான் போடணும். கழட்டுனத வெளிய மரத்துல மாட்டிட்டுத்தான் உள்ள போவாக. எங்கம்மாவும் கம்பெனி வேலைதான். புதுச் சட்டை மேல பட்டதும் இவருக்கு வேலை நாள் வந்திருச்சு. கற்பகம் வளையலையும் கழட்டப் பார்த்திருக்காரு, அதான் கீறல். கூட இருக்கிறவுகளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு.”

மாரித்தாய் முடிச்சிலிருந்து மோதிரத்தை எடுத்தாள். முப்பது வருடமும் இவரைக் கம்பெனி வாசல்வரைதான் அவளுக்குத் தெரியும். உள்ளே எத்தனை பேரை இப்படிக் காத்தாரோ. பேரெல்லாம் மறந்த பிறகும் இது மட்டும் மறக்கவில்லை.

தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து கற்பகத்தின் கீறலில் தடவினாள். “அடுத்த வெள்ளிக்கி வருவியா?”

கற்பகம் ராஜபாண்டியனைப் பார்த்தாள். “வாரேன். இவுகளும் வரட்டும்.”

“நான் எதுக்கு?”

“ஒரு நா கூட இருந்து பாருங்க. பெறவு பேசுங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “என்னைய மன்னிச்சிரும்மா. வாரேன் மதினி.”

“ரெண்டு பேரும் இருந்தா நான் எங்கன போக?” என்றாள் மாரித்தாய்.

“எங்கனயும் போக வேண்டாம்க்கா. உள்ள கதவச் சாத்திட்டுத் தூங்குங்க.”

மாரித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

“எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்” என்று அங்கிருந்து சொன்னாள்.