எஞ்சினுக்கு மூச்சு பார்த்தது

கயிறு ஈரமாக வந்தது.

எஞ்சினைக் கிளப்ப நாலைந்து முறை இழுத்த பிறகுதான் அந்திரோஸ் அதைக் கவனித்தான். எஞ்சின் தலைக்குள் சுருண்டு கிடக்கிற கயிறு அது. மழை கொட்டினாலும் அங்கே தண்ணீர் போகாது. உள்ளங்கையை முகர்ந்தான். கடல்தண்ணீர், செத்த சிப்பி நாற்றம் ஏறிய பழைய தண்ணீர்.

சாகரை விழுந்த நேரம். கடல் குளம்போல அடங்கி, மீன் தானாகக் கரையோரம் வந்து குவிகிற நாட்களில் ஆலப்புழைக் கரையில் எவனும் வீட்டில் உட்காரமாட்டான். சாயங்காலம் வள்ளம் நிறைய மத்தியோடு திரும்பும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கரை தெரிந்தது. தெற்கே அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீண்டு கிடக்கிற கல்லணையும் தெரிந்தது. நீரோட்டம் வள்ளத்தை அந்தக் கற்களைப் பார்த்துத்தான் இழுத்தது. போன மாதம் அண்ணன் பத்ரோஸின் வள்ளத்தை உடைத்ததும் அதே கற்கள்தான். பத்ரோஸ் கிடைக்கவில்லை. எஞ்சின் மட்டும் யாருடைய வலையிலோ மாட்டி மேலே வந்தது. இந்த எஞ்சின்.

முங்கிய எஞ்சினை நட்டு நட்டாகப் பிரித்துக் கழுவி, எண்ணெயில் ஊறப்போட்டு, தேவாலயத்து அச்சன் வந்து புனித நீர் தெளித்த பிறகுதான் மறுபடி கடலில் இறக்குவார்கள். தெளிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவனும் தெளிக்காமல் இறக்கமாட்டான். அந்திரோஸ் பிரிக்கவும் இல்லை, தெளிக்கவும் விடவில்லை. அதற்குள் சாகரை போய்விடுமே. வெளியே கழுவி, பிளக்கை மாற்றி, இறக்கிவிட்டான்.

முன்னால் உட்கார்ந்திருந்த கூட்டாளி லாசர் அப்பன் காலத்து ஆள். "கோவிச்சிட்டுப் போன பொண்டாட்டியக் கூப்பிடுற மாதிரி இழுக்குறியேடா. வருவாளா?" என்றார்.

எஞ்சினுக்கு வேண்டியது நெருப்பு, எண்ணெய், மூச்சு. அந்திரோஸ் பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொட்டு வைத்து இழுத்தான். நீலப்பொறி வெட்டியது. நெருப்பு இருக்கிறது. குழாயைப் பிடுங்கினான். எண்ணெய் ஒழுகியது. அடைப்பு என்றால் பத்ரோஸ் அந்தக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சுவான்; உறிஞ்சியதும் இரண்டு தரம் வறட்டு இருமல் இருமுவான். அந்த நினைப்பு வந்தபோதே, பிளக் கழற்றிய குழிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

இரண்டு தரம்.

லாசர் கேலியை நிறுத்தினார். எழுந்து பின்பக்கம் வந்தார்.

"கேட்டுச்சாடா?"

"காத்து, சேட்டா."

கல்லணையில் அலை மோதுகிற சத்தம் இப்போது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. கடைசியாகப் பார்க்க வேண்டியது மூச்சு. குழியைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால், நல்ல எஞ்சின் விரலை 'டப்'பென்று தள்ளிவிடும். பிளக்கை லாசரின் கையில் கொடுத்து, கயிற்றை இழுக்கச் சொன்னான். விரலை வைத்து அழுத்தினான்.

தள்ளியது. சூடாக. மெதுவாக.

"மூச்சு இருக்கு," என்றான். "இன்னொரு தரம் இழுங்க."

"நான் இன்னும் கயித்தத் தொடவே இல்லயேடா."

மறுபடி தள்ளியது. பிறகு இழுத்தது. தள்ளியது. இழுத்தது. தூங்குகிறவன் மார்பு மாதிரி.

"விரல எடு."

"வரல, சேட்டா."

இரும்புக் குழிதான். ஆனால் விரலைச் சுற்றி இரும்பு இல்லை. ஈரம். மெத்தென்ற ஈரம். முதல் கணு உள்ளே போயிருந்தது. அவன் அழுத்தவில்லை.

லாசர் வலை அறுக்கிற கத்தியை எடுத்தார். விரலைப் பார்த்தார். எஞ்சினைப் பார்த்தார்.

எஞ்சின் ஓட ஆரம்பித்தது.

பிளக் லாசரின் கையில் இருந்தது. கயிறு சுருண்டே கிடந்தது. புடுபுடு சத்தமில்லை, புகையில்லை. இருமல் மட்டும். தண்ணீருக்கடியில் விசிறி சுழன்றது. வள்ளத்தின் மூக்கு கரையை விட்டுத் திரும்பியது. கல்லணைக்கு நேராக வந்தது. அதையும் தாண்டி ஆழ்கடலைப் பார்த்துப் போனது.

குழிக்குள் ஒரு நாக்கு, அவசரமே இல்லாமல், இது யார் விரல் என்று நகத்தைச் சுற்றித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.