கட்டத்துக்கு வெளியே ஒரு பச்சைப் பொட்டு

“கட்டத்துக்குள்ள ஒட்டுங்க... வெளிய ஒட்டினா செல்லாது.”

நாரே சொல்லி முடிப்பதற்குள் அவன் ஒட்டிவிட்டான். அதுவும் எங்கே? பலகையில் இருந்த மூன்று பெரிய கட்டங்களையும் விட்டுவிட்டு, மேல் ஓரத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு மூலையில். ஒரு கையில் சொட்டுகிற குடை, இன்னொரு கையில் வெண்ணெயில் வாட்டிய கணவாய் மீன் பொட்டலம். குடைத் தண்ணீர் பலகையில் விழுந்து ‘நடிகருக்காக’ என்ற எழுத்து மெல்லக் கரைந்து இறங்கியது. காலங்கார்த்தாலே இப்படி ஒரு ஜென்மமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டாள்.

தென்கொரியாவின் புசான் துறைமுகத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் கடலுக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மழையிலும் கோ நாரே நாள் தவறாமல் அந்தப் பழைய தியேட்டர் வாசலுக்கு வந்துவிடுவாள். நனைந்த குடைக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் பலகையை நிறுத்துவாள். ஜனங்கள் ஒரு படத்துக்கு எதற்காக வருகிறார்கள்? நடிகர் முகத்துக்கா, சிரிப்புப் படம், பேய்ப் படம் என்கிற வகைக்கா, போஸ்டரும் டிரெய்லரும் காட்டிய ஆசைக்கா? இதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. உள்ளே போகிறவர்கள் ஆளுக்கொரு பச்சைப் பொட்டை எடுத்துக் கட்டத்துக்குள் ஒட்டிவிட்டுப் போக வேண்டும். பலகையின் அடியில் சின்ன எழுத்தில் அவள் பெயர் இருந்தது.

“அப்ப நீங்க எதுக்குத்தான் வந்தீங்க?” என்று கேட்டாள்.

அவன் நிஜமாகவே யோசித்தான். “இந்த மூணுக்கும் இல்லைங்க... பொய் சொல்லி ஒட்டட்டுமா?”

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். பல நாள் சரியாகத் தூங்காத கண்கள்... ஆனால் ஓரத்தில் ஒரு சிரிப்பு, மழை வழியும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் விளக்கு எரிகிற மாதிரி. திட்ட வேண்டும் என்று நினைத்தது மறந்தே போயிற்று. அவன் கரைந்த எழுத்தைக் கைக்குட்டையால் துடைக்கப் போய், இன்னும் கெடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, கணவாயை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனான்.

மறுநாளும் வந்தான். அதே படம், அதே காலைக் காட்சி. மறுபடியும் பொட்டை வெளியே ஒட்டினான், இந்தத் தடவை கொஞ்சம் கீழே. அதற்கு மறுநாளும் அப்படியே. அவனுடைய செல்லாத பொட்டுகள் பலகையின் ஓரமாக எறும்பு மாதிரி இறங்கிக்கொண்டே வந்தன. பெயர் வூஜே என்றான். ஏதோ அலுவலகத்தில் படம் வரைகிற வேலையாம். காட்சி முடிந்து எல்லோரும் போன பிறகு படியில் உட்கார்ந்து, டப்பாக் காப்பி குடித்தபடி, வெளியே வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்பான். நாரேயும் ஒன்று விடாமல் சொல்வாள். கேட்பவன் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது?

அப்படி ஒருநாள்தான் அவள் போஸ்டரைக் காட்டிப் பொரிந்து தள்ளினாள். காமெடி நடிகர் பாங் சுன்பே மூக்கில் நூடுல்ஸ் தொங்கச் சிரிக்கிற போஸ்டர். வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நம்பித்தான் படம் வந்த முதல் நாளே அவள் அக்காவைக் கூட்டி வந்தாள். அக்காவுக்கு வசந்தத்தில் நடக்க இருந்த கல்யாணம் நின்றுபோயிருந்தது. உள்ளே வந்தால் கதையே வேறு. படத்திலும் ஒரு பெண்ணின் கல்யாணம் கடைசி நேரத்தில் நின்றுபோகிறது. விருந்துக்கு வேகவைத்த கல்யாண நூடுல்ஸை அப்பாவும் மகளும் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகளை ஒரே ஒரு தடவை சிரிக்க வைக்கத்தான் அந்த அப்பா நூடுல்ஸை மூக்கில் தொங்கவிடுகிறார். போஸ்டர்காரன் மகளை வெட்டி எறிந்துவிட்டு அந்தச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டான். அக்கா நாற்காலி அதிரும்படி தேம்பித் தேம்பி அழுதாள். கூட்டி வந்த பாவத்துக்கு நாரே இருட்டில் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அந்த போஸ்டர் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்... ஜகல்சி மீன் சந்தையில கணவாயோட கணவாயா வெயில்ல காயப் போட்டுடுவேன்.”

வூஜேக்குக் காப்பி புரையேறியது. “மழைக்காலங்க இது... வெயில் எங்க இருக்கு?”

“வர்ற வரைக்கும் கட்டி வச்சிருப்பேன்.”

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. அன்று அவன் சீக்கிரமே கிளம்பிவிட்டான், காப்பியைக்கூட முடிக்காமல். அவன் போன பிறகு படி இத்தனை பெரியதா என்று நாரேக்குத் தோன்றியது. சீச்சீ, என்ன இது, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் அவளுடைய ஆய்வுக்குப் போதுமான பொட்டுகள் எப்போதோ சேர்ந்துவிட்டன. பேராசிரியர்கூட, போதும், உட்கார்ந்து எழுதும்மா என்று சொல்லிவிட்டார். இருந்தாலும் காலையில் எழுந்ததும் கால் தானாகத் தியேட்டர் பக்கம் நடந்தது. புதன்கிழமை புதுப் படம் வருகிறது... செவ்வாயோடு இந்தப் படத்தைத் தூக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் இங்கே எதற்கு வரப்போகிறான்?

ஞாயிற்றுக்கிழமை பாங் சுன்பே ரசிகர்களுக்கு மேடை வணக்கம் சொல்ல வந்தார். கூட்டம் அலைமோதியது. கடைசி வரிசையில் நாரேயும் வூஜேயும் தோளோடு தோள் உரச நின்றார்கள். மேடையில் குனிந்து நிமிர்ந்த நடிகர், கண்ணைச் சுருக்கிப் பின்னால் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதோ நிற்கிறாரே, அவர்தான் என் மூக்கில் நூடுல்ஸ் தொங்கவிட்டு உங்களையெல்லாம் இங்கே இழுத்து வந்த போஸ்டர் தம்பி, ஒரு கைதட்டு கொடுங்கள் என்றார். அரங்கமே திரும்பிக் கைதட்டியது.

நாரே தட்டவில்லை. விறுவிறு என்று வெளியே வந்து பலகையை மடிக்க ஆரம்பித்தாள். வூஜே பின்னாலேயே ஓடி வந்தான்.

“அன்னைக்கே சொல்லியிருக்கணும்... பயந்துட்டேன்.”

“எதுக்குப் பயம்? நான் சொன்னதெல்லாம் இனாமாக் கேட்டுக்கிட்டீங்க. அடுத்த போஸ்டருக்கு ஆகும்ல.”

“அதுக்கு இல்லைங்க. அழுகைப் படம்னு சொன்னா ஒருத்தரும் வர மாட்டாங்க... அதனால சிரிப்பைக் காட்டினேன். அப்புறம் தூக்கம் வரல. ஏமாந்தவங்க முகத்தையாவது நேர்ல பார்க்கணும்னுதான் முதல் தடவை இங்க வந்தேன்.”

“ஒரு அப்பாவையும் மகளையும் பிரிச்சு வித்தவர் நீங்க. என்கிட்ட சிரிச்சுப் பேசினீங்களே... நீங்களும் வெறும் டிரெய்லர்தானா?”

அவள் மழையில் இறங்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை அவன் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று வாய் சொன்னது, கண் தெருமுனையிலேயே கிடந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சோற்றை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்து அக்கா விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

“அடியே... அந்த போஸ்டர்ல அழுகை இருந்திருந்தா நான் வந்திருப்பேனா?”

“ஏமாத்திட்டான்க்கா உன்ன.”

“ஆமா, ஏமாத்தினான். கல்யாணம் நின்னதுலருந்து நான் அழவே இல்லடி. அம்மா முன்னால முடியல, உன் முன்னாலயும் முடியல. இருட்டுல, ஊர் பேர் தெரியாதவங்களோட சேர்ந்து அழுதேன். அன்னைக்குத்தான் தூங்கினேன். என் சார்புல நீ கோபப்படாத. உன் கோபம் எதுக்குன்னு நீயே யோசி.”

நாரே யோசித்தாள். விடிய விடிய யோசித்தாள். போஸ்டருக்காக வந்த கோபம் எப்போதோ ஆறிப்போயிருந்தது. அவன் தினமும் வந்தது அவனுடைய குற்ற உணர்ச்சிக்காக மட்டும்தானோ... தனக்காகத் துளிகூட இல்லையோ என்பதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தெரிந்தபோது வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை, கடைசிக் காட்சி நாள். பலகையை விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். பொட்டு ஒட்ட வந்தவர்களுக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனாள். காட்சி ஆரம்பித்தது... முடிந்தது. நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே வந்து குடையை விரித்தார்கள். தியேட்டர் ஆள் ஏணியைச் சாய்த்து, மூக்கில் நூடுல்ஸ் தொங்கும் முகத்தைச் சுருட்டிக் கீழே இறக்கினார். அவ்வளவுதான் என்று நாரே பலகையின் காலை மடக்கக் குனிந்தாள். கண்ணில் மழை இறங்கியதா, வேறு ஏதாவதா, அவளுக்கே தெரியவில்லை.

“ஒரு பொட்டு மிச்சம் இருக்குங்களா?”

குடையில்லாமல், தலையிலிருந்து கால் வரை நனைந்து வூஜே நின்றிருந்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. முந்தா நாள் அவள் போன வேகத்தைப் பார்த்து, இனி முகத்தில் விழிக்கக் கூடாது என்றுதான் இருந்தானாம். காலையிலிருந்து மூன்று பஸ்ஸில் ஏறி மூன்றிலிருந்தும் இறங்கிவிட்டானாம்.

நாரே நிமிர்ந்தாள்.

“கடைசித் தடவையா கேக்கறேன். இங்க எதுக்கு வந்தீங்க?”

அவன் ஒரு பச்சைப் பொட்டை எடுத்தான். மூன்று கட்டங்களையும் தாண்டி, தன் செல்லாத பொட்டுகளையும் தாண்டி, பலகையின் அடியில் ‘கோ நாரே’ என்று இருந்த சின்ன எழுத்துக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமலும் ஒட்டினான்.

“முதல் நாள் மட்டும்தான் அந்த முகங்களைப் பார்க்க வந்தேன்,” என்றான். “ரெண்டாம் நாள்லருந்து இதுக்குத்தான்... ஒரேயடியா இங்க ஒட்ட தைரியம் வரல. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கி வந்தேன். டிரெய்லர்ல எல்லாத்தையும் காட்டக் கூடாதுங்கறது எங்க தொழில் புத்தி. உங்ககிட்ட அந்தப் புத்தியைக் காட்டினதுதான் தப்பு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, நாரே.”

மழை சடசடவென்று தகரக் கூரையில் கொட்டியது. ஏணியோடு போன ஆள் தெரியாத மாதிரி திரும்பிக்கொண்டார். நாரேயின் காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

“எனக்கு வேண்டிய பொட்டெல்லாம் போன வாரமே சேந்துருச்சு,” என்றாள் தரையைப் பார்த்தபடி. “அப்புறமும் நான் ஏன் இங்க வந்து நின்னேன்னு... யாருமே கேக்கல.”

“ஏன் நின்னீங்க?”

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அவன் ஒட்டிய பொட்டையும் தன் பெயரையும் சேர்த்துச் சுற்றி, ஈரத்தில் கொஞ்சம் கோணலாக, ஒரு கட்டம் வரைந்தாள்.

“இப்ப செல்லும்,” என்றாள்.