மீனின் வால்

ஜூலை 8, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். கண்ணாடித் தம்ளர் உடைந்தது. சில்லுகளைக் காகிதத்தில் சுற்றாமல் அப்படியே உலர் குப்பைப் பையில் போட்டுவிட்டேன்.

நோட்டில் எழுதிவிட்டு அவள் பேனாவை மூடினாள். எழுதியதை மறுபடி படித்தாள். எதையும் இரண்டு முறை பார்ப்பது அவள் பழக்கம். அதனால் வீட்டில் அவளுக்கு ‘ரெண்டு தடவை’ என்றே பேர். பூட்டை இரண்டு தடவை இழுப்பாள். புத்தகப் பையை இரண்டு தடவை பார்ப்பாள். சில்லுகளைப் போட்டபோது மட்டும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

படித்து முடித்ததும் வாசலை எட்டிப் பார்த்தாள். பையைக் குப்பை வண்டிக்காரர் காலையிலேயே எடுத்துப் போய்விட்டார். அது தெருக்கோடிக் கொட்டகைக்குப் போகும். அங்கே ஓர் அக்கா காகிதம், அட்டை, பிளாஸ்டிக், தகரம் என்று தனித்தனியாகப் பிரிப்பார். கையால் பிரிப்பார்.

அவள் ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா தம்ளரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு உடனே போகச் சொன்னார்.

“பள்ளிக்கூடத்துல இப்படி ஓடியிருந்தா ஒரு கோப்பையாவது வந்திருக்கும்,” என்றான் அண்ணன், மூச்சு வாங்க. அவள் நிற்காமல் ஓடினாள்.

கொட்டகையில் அக்காவின் கை ஒரு பைக்குள் முழங்கை வரை போயிருந்தது.

“அக்கா, கையை மெதுவா வெளியே எடுங்க.”

அக்கா எடுத்தார். கையுறையில் இரண்டு விரல்கள் கிழிந்திருந்தன.

அவள் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னாள். அக்கா திட்டவில்லை. சுவரோரம் கிடந்த குவியலைக் காட்டினார். இருபது பைகளுக்கு மேல் இருக்கும். எல்லாமே நீலம்.

“இதுல உங்க பை எது?”

அண்ணன் கையை விரித்தான். இந்த வாரம் வீட்டில் எதையெல்லாம் போட்டோம் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். அண்ணனின் புதுச் செருப்பு வந்த அட்டைப்பெட்டி! மடித்துப் போடச் சொல்லியும் அவன் மடிக்கவில்லை. அப்படியானால் பையில் ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்க வேண்டும்.

எதையும் தொடாமல் குவியலைச் சுற்றி வந்தாள். இரண்டு பைகளில் மூலை துருத்தியது. ஒன்றில் மட்டும் கடையின் சிவப்பு எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

“நான் சோம்பேறியா இருந்ததும் நல்லதுக்குத்தான்,” என்றான் அண்ணன்.

உள்ளே கை விட வேண்டாம், கொட்டிவிடலாம் என்றாள் அவள். விரிப்பின் மேல் அக்கா பையை மெல்லக் கவிழ்த்தார். கலகலவென்று சில்லுகள் விழுந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“ஆச்சு, போலாமா?” என்றான் அண்ணன்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. எல்லாம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? இடுக்கியை வாங்கி, பழைய செய்தித்தாளின் மேல் சில்லுகளைப் பொருத்திப் பார்த்தாள். அடிப்பக்கம் சேர்ந்தது. விளிம்பு சேர்ந்தது. தம்ளரில் வரைந்திருந்த மீனுக்குத் தலை வந்தது, வயிறு வந்தது.

“வால் இல்லை,” என்றாள்.

அண்ணனும் தேடக் குனிந்தான். பால் உறைகளை உதறினார்கள். பெட்டியைத் தட்டினார்கள். வால் கிடைக்கவில்லை.

விரிப்பை உதற அக்கா ஓரடி எடுத்து வைத்தார். சிமெண்டுத் தரையில் கீச்சென்று ஒரு சத்தம்.

“அக்கா, அசையாதீங்க. செருப்பைக் கழட்டுங்க.”

செருப்பின் அடியில், நகம் அளவுக்கு, மீனின் வால் குத்திக்கொண்டு நின்றது. அவள் இடுக்கியால் இழுத்தாள். அக்கா செருப்பின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“உள்ள வரலை,” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு மற்ற பைகளைப் பார்த்தார். “உங்க பையைப் பத்தி நீ வந்து சொல்லிட்ட. மத்ததுல என்ன இருக்கோ. போன மாசம் இந்த விரல்ல நாலு தையல்.”

சில்லுகளை நான்கு மடிப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். வழியில் அவள் வீடுகளை எண்ணிக்கொண்டே வந்தாள். கோடி வீட்டுக்குப் போகும்போது அங்கே குரைக்கும் நாயைத் தான் பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்தாள்.

நாளை: பள்ளி விட்டதும் தெருவில் இருபத்திரண்டு வீட்டுக்கும் போக வேண்டும். உடைந்த கண்ணாடியைச் சுற்றி, மேலே எழுதி, தனியாகக் கொடுக்கச் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் தொடங்கலாம்.