பதினேழாம் நம்பர் வீட்டைக் காணோம்!

"ஐயோ... ஓடி வாங்க! சார் ஆத்துல கெடக்குறாரு!"

அலறியவர் தச்சர். காலை எட்டு மணி ஐந்து நிமிடம்.

ஆறு என்றதும் பதறாதீர்கள். இரண்டு முழ அகலம்தான்! வெள்ள ஆராய்ச்சிக் கூடத்தில் ஊரையே நூறில் ஒரு பங்காகக் களிமண்ணில் செய்து வைத்திருந்தார்கள். அணை, ஆறு, ரோடு, சோப்பு டப்பா அளவில் நம்பர் போட்ட மர வீடுகள்...

அதில்தான் குப்புற விழுந்து கிடந்தார், கூடத்தின் தலைவர். நெற்றி அணையில். கால்கள் பஸ் ஸ்டாண்டில். நூறு கிலோ உடம்பின் தொப்பை, ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே ஈரக் களிமண்ணில் புதைந்திருந்தது.

மூச்சு இருந்தது. நினைவில்லை. ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போனது.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே கான்ஸ்டபிள்.

"யாரும் எதையும் தொடக்கூடாது! எல்லாமே தடயம்!" உறுமியதோடு விடவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டு, கதவில் ஒட்டினார்.

"சார், பதினோரு மணிக்கு வெள்ளத் தடுப்புக் கமிட்டி வருது." சொன்னவர் தலைவரின் மனைவி. அதே கூடத்தில் ரோடு பிரிவு என்ஜினியர். "இதுல தண்ணி திறந்து விடுவோம். எந்த வீடு முழுகுதோ, ஊர்ல அந்த வீட்டை இடிச்சிட்டுக் கால்வாய் வெட்டுவாங்க. இன்னிக்கே முடிவு."

"மூணாவது தெரு... முழுகுமா?"

"முதல்ல முழுகுறதே அதான்."

இன்ஸ்பெக்டர் வீடும் அங்கேதான். மூன்றாவது தெரு, பதினேழாம் நம்பர். பாவம், மனுஷன் ஆயுசுக்கும் கட்டிய ஒரே வீடு! போன மாதம்தான் குடிபோனார்.

சமாளித்துக்கொண்டு மீசையைத் தடவினார். "உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் சண்டையா?"

"ஆமா. பேசியே நாலு நாள் ஆச்சு."

"ஆஹா!" இன்ஸ்பெக்டர் கண்கள் மின்னின. தச்சரிடம் திரும்பினார். "வெளியாளுங்க யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு அம்மா வந்தாங்க சார். மஞ்சள் குடை. பத்து மணி நேரம் ஆச்சு."

மஞ்சள் குடை... இன்ஸ்பெக்டர் வீட்டிலும் ஒன்று உண்டு! விரல் விட்டு எண்ணினார். பத்து மணி நேரம் முன்னால் என்றால் நேற்று ராத்திரி பதினோரு மணி. அப்போது அவர் மனைவி பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாடா!

"சார்!" கான்ஸ்டபிள் கத்தினார். "மூணாவது தெருவுல ஒரு வீட்டைக் காணோம்!"

"எந்த வீடு?"

"பதினேழு! அதோ... அந்த மைதானத்துல தனியா நிக்குது பாருங்க!"

"மைதானம் இல்லீங்க, ஏரி," என்றார் தச்சர். "தண்ணி இல்லாததால அப்படித் தெரியுது."

இன்ஸ்பெக்டர் முகம் வெளிறியது.

"ஏம்பா," கான்ஸ்டபிள் விடவில்லை, "ராத்திரி கூடம் பூட்டித்தானே இருந்துச்சு? அந்த அம்மா எப்படி வந்தாங்க?"

"ராத்திரியா? காலைல எட்டு மணிக்கு சார்!"

"பத்து மணி நேரம்னு சொன்னே?"

ரோடு என்ஜினியர் சிரித்தார். "இங்க ஆறு சின்னது, தண்ணி சீக்கிரம் ஓடிடும். அதனால எங்க ஒரு மணி நேரம், ஊர்க் கணக்குல பத்து மணி நேரம். இருபது வருஷமா அப்படியே பேசிப் பேசிப் பழகிடுச்சு."

"அப்போ... நாலு நாளா பேசலைன்னது?"

"நேத்து ராத்திரி படுக்கப் போனதுலேர்ந்து."

இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் போன் போட்டார்.

"காலைல எங்கடி போனே?"

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களா!" மனைவியின் குரலில் பெருமை வழிந்தது. "பொம்மை வீடு முழுகினா நம்ம வீடு போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. அதான் தூக்கி நல்ல இடமா பார்த்துக் களிமண்ணுல அழுத்தி வச்சிட்டேன். காத்தோட்டம்! அக்கம்பக்கம் தொல்லை இல்ல! அந்தக் குண்டு மனுஷன்தான் 'அங்க வைக்காதேம்மா'ன்னு ஓடி வந்து வழுக்கி விழுந்தார். பயந்து வந்துட்டேங்க..."

மணி பதினொன்று. கமிட்டி வந்துவிட்டது!

இன்ஸ்பெக்டர் நைசாக ஏரிப் பக்கம் கையை நீட்டினார்.

"கை!" கமிட்டித் தலைவர் அதட்டினார். "யாரும் தொடக்கூடாதுன்னு கதவுல ஒட்டினது நீங்கதானே?"

"அப்போ தண்ணியும் விடக்கூடாது சார்!"

"தண்ணிக்கு ஏதுய்யா கை? திறங்கப்பா!"

திறந்தார்கள். வெள்ளம் சீறி வந்தது. மூன்றாவது தெருவை நெருங்கியது... சடாரென்று திரும்பியது! கூடத் தலைவரின் தொப்பை பதித்த பள்ளத்தில் இறங்கி, நேராக ஏரிக்கு ஓடியது. தெருவில் சொட்டு ஈரமில்லை!

கூடமே கைதட்டியது. தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தலைவர் வாசலில் நின்று வாய் பிளந்தார்.

"இருபது வருஷமா இந்தத் தொப்பையைக் குறைங்கன்னு கத்தினேன்," என்ஜினியர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லவேளை, நீங்க கேக்கல!"

ஏரி நிரம்பியது. நடுவில் நின்ற ஒற்றை வீடு, குபுக்கென்று உள்ளே போனது.

கமிட்டித் தலைவர் எழுதினார். "முழுகியது ஒரே வீடு. நம்பர் பதினேழு. இடிக்கவும்."

"சார்! அது நிஜத்துல மூணாவது தெருவுல இருக்கு சார்!"

"மாதிரியில எங்க இருக்கோ, அதான்யா கணக்கு. ஏரிக்குள்ள வீடு கட்டினதுக்குத் தனியா ஒரு கேஸ் போடுங்க!"

இன்ஸ்பெக்டர் மறுபடி போனை எடுத்தார்.

"பெட்டியைக் கட்டு. நம்ம வீட்டை இடிக்கப் போறாங்க."

"ஏங்க... இனிமே எங்கங்க போய்த் தங்குறது?"

"ஸ்டேஷன்ல லாக்கப் காலியா இருக்கு. ஏரியில வீடு வச்சதுக்கு உன் மேல கேஸ் இருக்கு, உனக்கு உடனே இடம் கிடைச்சிடும். எனக்குத்தான் யாரையாவது சிபாரிசுக்குப் பிடிக்கணும்!"